கடைசியாகத் தெரிந்த இடம்

அரச அலுவலகத்துக்கு ஒரு கடிதம் வந்தால் குறித்த காலத்துக்குள் பதில் அனுப்ப வேண்டும். முடிவான பதில் தர முடியாவிட்டால், கடிதம் கிடைத்தது, பரிசீலனையில் இருக்கிறது என்று இடைக்காலப் பதிலாவது அனுப்ப வேண்டும். தாமதத்துக்கான காரணத்தையும் அதில் சொல்ல வேண்டும். இது விதி. முப்பது ஆண்டுக்கு மேல் கல்வி நிர்வாகத்தில் இருந்த நான் இந்த விதியைப் பலருக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறேன். எல்லோரும் தலையாட்டியிருக்கிறார்கள். விதிகளைப் பொறுத்தவரை நம் நாட்டுக்கு எந்தக் குறையும் கிடையாது.

அந்த விதி ஒரு தடவையாவது உதவியிருக்க வேண்டிய ஒருவரை எனக்குத் தெரியும். றக்வானைக்கு மேலே, தோட்டப் பாடசாலை ஒன்றில் உடற்கல்வி ஆசிரியை. பெயர் எழுதினால் அவருக்குப் பிடிக்காது. தோட்டத்தில் எல்லோரும் பி.டி. டீச்சர் என்றார்கள். நானும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டேன்.

அவரை முதலில் பார்த்தது தப்பான பஸ்ஸில். றக்வானையிலிருந்து இரத்தினபுரிக்குப் போகிறவர்கள் கீழே சந்தியில் இறங்கி வேறு பஸ் பிடிப்பதுண்டு. அன்று நல்ல மழை. பெயர்ப் பலகையைப் பார்க்காமல் நானும் சிலரும் எம்பிலிப்பிட்டிய பக்கம் போகிற பஸ்ஸில் ஏறிவிட்டோம். ரப்பர் காட்டுக்குள் வெகுதூரம் வந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. கொண்டக்டர் தனக்குத் தெரிந்த தமிழில் ஆறுதல் சொன்னான்.

"பயப்பட வேணாம் மாத்தயா. எம்பிலிப்பிட்டிய போனா எக்ஸ்பிரஸ் பஸ் இருக்கு. நேரா ரத்னபுர."

எங்களுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. ஏறியாகிவிட்டது, டிக்கெட் எடுத்தாகிவிட்டது, முன்னால் ஒரு வழியும் இருக்கிறது. பின் சீட்டில் ட்ராக் சூட் போட்டிருந்த ஒரு பெண் மட்டும் எழுந்து மணியை அடித்தார்.

"இங்கே இறங்கி என்ன செய்வீர்கள்? ஒரு கடைகூட இல்லையே" என்றேன்.

"திரும்பிப் போறேங்க சேர். சந்திக்கு."

"சந்தியில் என்ன இருக்கிறது?"

"ஒன்னும் இல்லைங்க. ஆனா அதுதானே கடைசியா நமக்கு நிச்சயமா தெரிஞ்ச எடம்."

"எக்ஸ்பிரஸ் இருக்கிறது என்கிறானே?"

"அந்த எக்ஸ்பிரஸும் இதே சந்தி வழியாத்தான் வரும் சேர்." சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு இறங்கினார்.

நான் இறங்கவில்லை. எடுத்த டிக்கெட்டுக்கு நான் எப்போதும் மரியாதை கொடுப்பவன். என் ஓய்வூதியத் திருத்தம் ஒன்றுக்காக இரத்தினபுரி மாகாண அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது, அந்தப் பெண் தன் வேலையை முடித்துக்கொண்டு வாசலில் நின்று கடலை வடை தின்றுகொண்டிருந்தார்.

"எக்ஸ்பிரஸ் நல்லா ஓடிச்சாங்க சேர்?" என்று கேட்டார். கேலி என்று குற்றம் சாட்ட முடியாத முகம்.

கடைசியாக நிச்சயமாகத் தெரிந்த இடத்துக்குத் திரும்ப வேண்டும் என்பது அவருடைய தத்துவம் என்று நினைத்தேன். இல்லை, அது ஒரு விளையாட்டின் பாடம். ஓரியன்டியரிங் என்று பெயர். கையில் ஒரு வரைபடம், ஒரு திசைகாட்டி. காட்டுக்குள் செம்மஞ்சளும் வெள்ளையுமான, மூன்று பக்கம் கொண்ட துணிப் பெட்டிகளைத் தொங்கவிட்டிருப்பார்கள்; ஒவ்வொன்றும் ஒரு புள்ளி. வரைபடத்தைப் பார்த்து, சொன்ன ஒழுங்கில் ஒவ்வொன்றையும் தேடிப் பிடித்து, அங்கே இருக்கிற கருவியால் அட்டையைக் குத்திக்கொண்டு ஓட வேண்டும். ஒன்றை விட்டாலும் ஓட்டம் செல்லாது. கல்வியியற் கல்லூரியில் படித்த காலத்தில் யாரோ நடத்திய பாசறையில் கற்றுக்கொண்டாராம். அதற்குப் பிறகு விடவில்லை.

"தொலைஞ்சிட்டோம்னு தெரிஞ்சா மொதல்ல நிக்கணும் சேர். ஆனா யாரும் நிக்க மாட்டாங்க. இன்னும் வேகமா ஓடுவாங்க. கண்ணுல படுற பாறையெல்லாம் மேப்ல இருக்கிற பாறைன்னு தனக்குத்தானே சொல்லிக்குவாங்க."

எனக்கு இரண்டு பணிப்பாளர்களும் ஒரு அமைச்சரும் நினைவுக்கு வந்தார்கள்.

றக்வானை டவுனில் எங்கள் வீட்டுக்கு அவர் வரத் தொடங்கியதற்கு ஒரு நடைமுறைக் காரணம் உண்டு. தொழிலாளர் லயங்களுக்கு மேலே ஏழு பேர்ச்சஸ் நிலத்தில் கட்டிக் கொடுத்த வீட்டில் அவர் இருந்தார். அந்த வீடுகளுக்கு இலக்கமும் இல்லை, வீதிப் பெயரும் இல்லை. தபால் எல்லாம் தோட்டக் கந்தோருக்கு, அதாவது அலுவலகத்துக்கு, வரும். கந்தோரில் யாருக்கு எப்போது நினைவு வருகிறதோ அப்போது லயத்துக்கு ஏறும். ஆகவே முக்கியமான கடிதங்களுக்கு என் முகவரியைக் கொடுக்கலாமா என்று கேட்டார். விண்ணப்பங்கள் எழுதுவதில் நான் கெட்டிக்காரன் என்று பஸ்ஸில் போன யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியையான என் மனைவி அவரிடம் கேட்டார், "எத்தனை கப் வாங்கியிருக்கிறீர்கள்?"

"ஒன்னுமே இல்லைங்க மிஸ். எப்பவும் கடைசிக்கு முந்தி. நான்தான் தப்பின ஒடனே திரும்பிப் போயிடுவேனே. மத்தவங்க குருட்டாம்போக்குல ஓடி, அதிர்ஷ்டத்துல கண்டுபுடிச்சிடுவாங்க. ஆனா எல்லாப் புள்ளியும் குத்தாம நான் வீட்டுக்கு வந்ததில்ல."

தோற்கிற ஒருவர் இவ்வளவு திருப்தியாகத் தேநீர் குடித்து நான் பார்த்ததில்லை.

அவர் வீட்டுச் சண்டைகளும் இந்த முறைப்படியே நடந்தன. கணவர் செல்வம் பத்து வருடம் கத்தாரில் கனரக வாகன மெக்கானிக். ஒப்பந்தம் முடிந்து வந்திருந்தார். ஒரு நாள் நான் அங்கே இருக்கும்போதே கூரைத் தகரத்தில் தொடங்கிய பேச்சு எப்படியோ செல்வத்தின் தங்கை கல்யாணத்தில் போய் நின்றது. குரல்கள் ஏறின. டீச்சர் கையை உயர்த்தினார்.

"நில்லுங்க. கடைசியா எதுல ரெண்டு பேரும் ஒத்துப்போனோம்?"

செல்வம் யோசித்தார். "சேருக்கு டீ போடணும்னதுல."

"அப்ப அங்கருந்து ஆரம்பிப்போம்." உள்ளே போய் எனக்கு இரண்டாவது தேநீர் கொண்டுவந்தார். கூரைத் தகரம் பற்றி அன்று வேறு பேச்சில்லை. செல்வம் என் பக்கம் சாய்ந்து சொன்னார், "இந்த வீட்டுல கோபப்படவே ஏலாதுங்க சேர். சூடாகி வர்றப்ப திரும்பிப் போகச் சொல்றாங்க."

ஞாயிற்றுக்கிழமைகளில் பாடசாலைப் பிள்ளைகளுக்கும் தன் பிள்ளைகளுக்கும் தோட்டத்திலேயே பயிற்சி வைப்பார். வரைபடம் அவரே வரைந்தது. தேயிலை மலைகள் இலக்கத்தோடு இருந்தன, வடிகான்கள், பாறைகள், தண்ணீர்ப் பீலிகள் எல்லாம் இருந்தன. தோட்டத் துரையிடம் எழுத்து மூலம் அனுமதி பெற்றிருக்கிறாரா என்று கேட்டேன். பெற்றிருந்தார். அந்த விஷயத்தில் மட்டும் எனக்கு அவரைப் பற்றி எந்தக் காலத்திலும் கவலை இருந்ததில்லை.

ஏழாம் நம்பர் மலைக்கு மேலே, ஈரப்பலா மரத்தடியில் ஒரு பெரிய பாறை. அங்கே ஒரு துணிப் பெட்டியைக் கட்டிவிட்டு, மழை வந்ததால் அவிழ்க்காமல் இறங்கிவிட்டார். அடுத்த ஞாயிறு போனால் பாறையில் மஞ்சள் பூசியிருக்கிறது, குங்குமம் வைத்திருக்கிறது, துணிப் பெட்டிக்குக் கீழே கற்பூரம் எரிந்த கரி. கொழுந்து பறிக்கும் செல்லம்மாக்கா எலுமிச்சம்பழத்தோடு நிற்கிறார். மரத்தில் துணி கட்டியிருந்தால் யாரோ முனிக்கு நேர்ந்திருக்கிறார்கள் என்பது இந்தத் தோட்டங்களில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

"யாரோ வெளியூர் ஆளு டீச்சர். தையல பாருங்க, மூனு பக்கமும் எவ்வளவு நேர்த்தியா இருக்கு. பெரிய வேண்டுதலாத்தான் இருக்கணும்."

"நான்தான்க்கா கட்டினேன்."

"அப்பிடியா! என்ன வேண்டுதலு டீச்சர்?"

"வேண்டுதல் ஒன்னும் இல்லக்கா. புள்ளைங்க தேடி வரத்துக்குத்தான்."

செல்லம்மாக்காவுக்கு மூன்று பிள்ளைகள். மூன்று பேரும் கொழும்பில், கடைகளில் வேலை. அவர் எலுமிச்சம்பழத்தைத் துணிப் பெட்டிக்குக் கீழே வைத்தார்.

"புள்ளைங்க தேடி வரணும்னா, அத விட வேற என்ன டீச்சர் கேக்கிறது?"

டீச்சர் அதை அவிழ்க்கவில்லை. அப்படியே விட்டுவிட்டு இறங்கி வந்துவிட்டாராம். அன்றிலிருந்து அவருடைய வரைபடத்தில் அந்தப் புள்ளி நிரந்தரமாகிவிட்டது. இருக்கிற துணிப் பெட்டிகளில் ஒன்று குறைந்ததுதான் நட்டம்.

இனி அந்தப் பயணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

செல்வம் கத்தாரில் இருந்த பத்து வருடத்தில் விடுமுறைக்கு வந்து போனதோடு சரி. மகள் கீர்த்தனா எட்டாம் வகுப்பு. அப்பா எதிரே உட்கார்ந்திருக்கும்போதே, "அம்மா, அவருக்கு இன்னும் சோறு வேணுமான்னு கேளுங்க" என்பாள். மரியாதையான பிள்ளை. அந்த மரியாதைதான் வீட்டில் எல்லோரையும் அறுத்தது. சின்னவன் அபிக்கு அந்தப் பிரச்சினை இல்லை. யார் தோளில் ஏற்றினாலும் அவர்தான் அப்பா.

செல்வம் வந்த புதிதில் ஒரு ஞாயிறு, டீச்சர், தகப்பன் கையிலும் மகள் கையிலும் சேர்த்து ஒரே ஒரு வரைபடத்தைக் கொடுத்து மலைக்கு அனுப்பினார். எல்லாப் பிள்ளைகளும் வந்து சேர்ந்த பிறகும் அவர்கள் வரவில்லை. கடைசியில் அட்டைக்கடி இரத்தத்தோடு, சேறும் சகதியுமாக வந்தார்கள். தூரத்திலேயே சத்தம் கேட்டதாம்.

"இவருக்கு வடக்கு எதுன்னே தெரியாதும்மா! சொன்னாலும் கேக்க மாட்டேங்கிறாரு!"

"அவர பாத்து மொதத் தடவையா கத்தினா சேர்" என்று டீச்சர் என்னிடம் சொன்னார். "எனக்கு அழுகையே வந்துட்டு. நான் ஒரு பக்கமா திரும்பி துணிப் பெட்டிய மடிக்கிற மாதிரி நின்னேன்."

இதற்குப் பிறகுதான் அவர்கள் வீட்டுச் சுவரில் உலக வரைபடம் வந்தது. கத்தார்க் கம்பனி செல்வத்துக்கு அடுத்த ஒப்பந்தத்தை நீட்டிக்கொண்டிருந்தது. அதற்குள், மகளுக்கு சாதாரண தரப் பரீட்சைப் பேய் பிடிப்பதற்கு முன், நாலு பேரும் ஒரு வருடம் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றாக என்றால் ஒரே வீட்டில் ஆளுக்கொரு மூலையில் அல்ல, ஒரே வரைபடத்தில். உலகத்தில் எங்கெங்கே இந்த ஓட்டங்கள் நடக்கின்றனவோ அங்கெல்லாம் போவது. வசந்தத்தில் போர்த்துக்கலின் பைன் காடு, பிறகு செக் நாட்டு மணற்பாறை, கோடையில் சுவீடன். ஐரோப்பாவில் அதற்கு மேல் தங்க விசா விடாது. ஆகவே ஜப்பான், அங்கிருந்து வருடக் கடைசியில் நியூசிலாந்து. ஒவ்வொன்றும் முந்தியதோடு பிணைந்திருந்தது. ஒரு நாட்டை நகர்த்தினால் வேறொரு நாட்டில் பனி கொட்டும்.

"குடும்பமா ஓடுறதுக்குன்னே தனியா ஓட்டம் வைக்கிறாங்க சேர். தங்கிறதுக்கு ஹோட்டல் வேணாம். அங்க உள்ள பள்ளிக்கூடத் தரையில பாய் போட்டுப் படுக்கலாமாம். பள்ளிக்கூடத்துல லீவு கேட்டுட்டு, பள்ளிக்கூடத்துலயே போய் படுக்கப் போறோம்."

மாடி வீடு கட்டுவதற்காகச் செல்வம் சேர்த்த பணம் அது. தோட்டத்தில் பேச்சு எழாமல் இருக்குமா? காட்டில் ஓடுவதற்கு எதற்குக் கப்பலேறிப் போக வேண்டும், நம் காட்டில் ஓடினால் யார் காசு கேட்கப் போகிறார்கள் என்று செல்வத்தின் மச்சான் ஒருவர் என் காதுபடவே கேட்டார். செல்வம் அவருக்கு ஒரு பதில் வைத்திருந்தார். "மாடி வீடு கட்டினா மேல நான் இருப்பேன், கீழ மக இருப்பா மச்சான். இப்பவே அப்பிடித்தானே இருக்கோம்."

நான் விடுமுறை விண்ணப்பத்தைத் தயாரித்தேன். அரச ஊழியர் நாட்டை விட்டு வெளியே போவதற்கு முன் அனுமதி வேண்டும். அந்த அனுமதிக் கடிதம் இல்லாமல் தூதரகத்துக்குப் போவதும் சிரமம். வெளிநாட்டில் வேலை தேடிப் போகும் அரச ஊழியருக்குச் சம்பளமற்ற விடுமுறை கொடுக்கலாம் என்று அந்த நாட்களில் ஒரு சுற்றறிக்கை இருந்தது. எல்லோரும் அதன் கீழ்தான் போனார்கள்.

"நோக்கம் என்ற இடத்தில் வேலைவாய்ப்பு என்று போடுகிறேன்" என்றேன். "மளமளவென்று போய்விடும்."

"நான் வேலைக்குப் போகலையே சேர்."

"யாரும் வந்து பார்க்கப் போவதில்லை."

"போகாத புள்ளிய குத்தினதா காட்டினா முழு ஓட்டமும் செல்லாதுங்க."

"இது ஓட்டம் இல்லை டீச்சர். விண்ணப்பம்."

"அப்ப என்னத்துக்கு சேர் நோக்கம்னு கேக்கிறாங்க?"

'குடும்பத்துடன் ஓரியன்டியரிங் போட்டிகளில் பங்குபற்றுதல்' என்று உண்மையை எழுதினோம். என் அனுபவத்தில், ஒரு விண்ணப்பத்தை நிறுத்திவைப்பதற்கு இதைவிடச் சிறந்த வசனம் கிடையாது. படிப்பு என்றால் ஒரு பிரிவு, வேலை என்றால் ஒரு பிரிவு, வைத்தியம் என்றால் ஒரு பிரிவு. இது எதிலும் சேரவில்லை. எந்தப் பெட்டிக்கும் பொருந்தாத கோப்பை யாரும் நிராகரிப்பதில்லை. அடுத்த மேசைக்குத் தள்ளுவார்கள்.

போர்த்துக்கலுக்கு எழுதிய கடிதத்துக்கு மறுநாள் மின்னஞ்சலில் பதில் வந்தது. சுவீடன்காரர்கள் அபியின் சப்பாத்து அளவுகூடக் கேட்டார்கள். வலயக் கல்வி அலுவலகம் மௌனமாக இருந்தது. நினைவூட்டற் கடிதம் அனுப்புவதுதான் முறை என்றேன். ஒன்று அனுப்பினோம், இரண்டாவதும் அனுப்பினோம். மூன்றாவதை நான் எழுத உட்கார்ந்தபோது டீச்சர் பேனாவைப் பிடித்துக்கொண்டார்.

"சேர், நாம வேகமா ஓடிட்டிருக்கோம்."

மறுநாளே வலய அலுவலகத்துக்குப் போய் விடயத்துக்குப் பொறுப்பான கிளார்க்கைப் பிடித்தார். உரையாடலை எனக்கு நடித்தே காட்டினார்.

"உங்க ஃபைல் மேல போயிட்டு டீச்சர்."

"மேலன்னா எங்கங்க?"

"மேலன்னா... மேலதான்."

மேல் என்றால் இரத்தினபுரி. அங்கே போனார். அங்கே, கீழே அனுப்பிவிட்டோமே என்றார்கள்.

"மேலயும் இல்ல, கீழயும் இல்ல. நடுவுல பெல்மதுளை டவுன்தான் இருக்கு. அங்க போய் ரோட்டுல பாக்கவா சேர்?" என்று என்னைக் கேட்டார்.

பிறகு தன் முறைப்படி நடந்தார். மாகாண அலுவலகத்தில் ஒரே ஒரு கிளார்க் மட்டும் அந்தக் கோப்பைக் கையால் தொட்டதாக ஒத்துக்கொண்டிருந்தார். டீச்சர் அவர் மேசைக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். அன்று நானும் துணைக்குப் போயிருந்தேன்.

"கடைசியா இங்கதான் இருந்திருக்குங்க. இதுக்கு அப்புறம் யாருக்கும் தெரியல. தொலைஞ்சிட்டுன்னு ஒரு வரி எழுதித் தாங்க. நான் புதுசா ஒன்னு குடுத்துட்டுப் போறேன்."

கிளார்க் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். "தொலையல்ல டீச்சர்! என்ன பேச்சு பேசுறீங்க? கவர்ன்மெண்ட் கந்தோர்ல ஃபைல் தொலையாது."

"அப்ப எங்க இருக்கு?"

"இருக்கிற எடம் இன்னும் தெரியல்ல. அவ்வளவுதான்."

அவர் பக்கத்து நியாயம் எனக்குப் புரிந்தது. தொலைந்தது என்று எழுதினால் விசாரணை வரும், விளக்கம் கேட்பார்கள், சம்பள உயர்வில் கை வைப்பார்கள். எழுதாதவரை கோப்பு உயிரோடு இருக்கிறது. பழைய கோப்பு உயிரோடு இருக்கும்வரை புதிய விண்ணப்பத்தை ஏற்க முடியாது. நடைமுறையில் ஒரு பிழையும் இல்லை. திரும்பி வரும் பஸ்ஸில், சந்தி தாண்டிய பிறகு டீச்சர் சொன்னார், "பாவம் சேர், அவரு. தொலைஞ்சதுகூடத் தெரியாம எவ்வளவு தூரம் ஓடிட்டாரு."

போர்த்துக்கல் ஓட்டம் நெருங்கியது. கத்தார்க் கம்பனி செல்வத்துக்குக் கெடு வைத்தது. அவர் கடவுச்சீட்டை எடுத்து மேசையில் வைத்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். அடுத்த நாள் டீச்சர் வீட்டுக்கு வந்தார். வழக்கமாக நேராகச் சமையலறைக்குள் போய் என் மனைவியோடு பேசுகிறவர், அன்று என் எதிரே உட்கார்ந்தார்.

"விலகல் கடிதம் ஒன்னு எழுதித் தாங்க சேர்."

நான் ஓய்வூதியத்தைப் பற்றிப் பேசினேன். நன்றாகவே பேசினேன் என்று நினைக்கிறேன். இன்னும் எத்தனை வருடம் இருந்தால் என்ன கிடைக்கும், விலகினால் என்னென்ன போகும், விதவைகள் அநாதைகள் நிதியில் கட்டிய காசு என்னாகும் என்று ஒழுங்காகச் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டார்.

"நான் எங்க தொலைஞ்சேன்னு யோசிச்சுப் பாத்தேன் சேர். லீவு கேக்க ஆரம்பிச்சதுலருந்து ஒன்னுமே நிச்சயமா தெரியல. கடைசியா நிச்சயமா தெரிஞ்சது அந்த ஞாயித்துக்கெழமதான். அவளும் அவரும் ஒரே மேப்ப புடிச்சு இழுத்துக்கிட்டு வந்தாங்களே, அது வரைக்கும் எல்லாம் சரி."

"அங்கே திரும்பிப் போக வேலையை விட வேண்டுமா?"

"அவரு கத்தாருக்குப் போயிட்டா அந்த எடமே இருக்காது சேர்."

என் மனைவி சமையலறை வாசலில் நின்றிருந்தார். "எழுதிக் கொடுங்கள்" என்றார். "நீங்கள் எம்பிலிப்பிட்டிய வரைக்கும் போன ஆள்."

எழுதிக் கொடுத்தேன். விலகல் கடிதத்துக்கு மூன்றாம் நாள் ஏற்பு வந்தது. அரச சேவையில் நான் கண்ட அதிவேகப் பதில் அதுதான். விலகல் ஒரு பிரிவு, விடுமுறை வேறொரு பிரிவு. ஒரே மாடியில், ஒரே தேநீர்க் கேத்தலைப் பகிர்ந்துகொள்ளும் இரண்டு பிரிவுகள்.

விசா நேர்காணலில், வேலையும் இல்லை, வீட்டுக்கு உறுதிப் பத்திரமும் இல்லை, நீங்கள் திரும்பி வருவீர்கள் என்பதற்கு என்ன உத்தரவாதம் என்று கேட்டிருக்கிறார்கள். "திரும்பிப் போறதாலதான் நான் எப்பவும் தோக்கிறேன்னு சொன்னேன் சேர்" என்றார் டீச்சர். "என் பழைய ஓட்ட முடிவுகள எல்லாம் காட்டினேன். எங்க திரும்பினேன், எவ்வளவு நேரம் போச்சுன்னு விளக்கினேன். அந்த அம்மா சிரிச்சிட்டாங்க." விசா கிடைத்தது. நான் கற்ற எந்த நடைமுறையிலும் இப்படியொரு ஆவணம் கிடையாது.

போகிற அன்று காலை, வான் றக்வானைக்கு இறங்குவதற்கு முன் ஏழாம் நம்பர் மலைக்குக் கீழே நின்றதாம். செல்லம்மாக்கா கற்பூரம் காட்டி, நாலு பேர் நெற்றியிலும் திருநீறு பூசியிருக்கிறார். செம்மஞ்சள் துணிப் பெட்டிக்கு இப்போது தோட்டத்தின் பக்கத்து டிவிசனிலிருந்தும் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள்.

அந்த வருடம் என் தொலைபேசிக்குப் படங்களும் குரல்களும் வந்துகொண்டிருந்தன. எனக்குப் படங்கள் நினைவில்லை. காடு எங்கேயும் காடாகத்தான் இருக்கிறது. குரல்கள் நினைவிருக்கின்றன. சுவீடனிலிருந்து ஒன்று:

"அப்பா! மேப்ப திருப்பிப் புடிங்கப்பா! எத்தன நாட்டுக்குக் கூட்டிட்டுப் போனாலும் உங்களுக்கு வடக்கு வராது!"

"சும்மா இரு கழுத. நான் பாலைவனத்துல சூரியனப் பாத்தே வண்டி ஓட்டினவன்."

"இங்க சூரியன் எறங்கவே மாட்டேங்குதே, எதப் பாப்பீங்க?"

"அதாண்டி எனக்கும் கொழப்பம்."

பின்னால் டீச்சர் சிரிக்கிற சத்தம். பிறகு அவருடைய குரல்: "சேர், கடைசிக்கு முந்தி வந்தோம். எல்லாப் புள்ளியும் குத்தியாச்சு." என் மனைவி அதை மூன்று தடவை போடச் சொல்லிக் கேட்டார்.

விசா நேர்காணலில் சொன்னபடியே திரும்பி வந்தார்கள். செல்வம் கத்தாருக்குப் போகவில்லை. எஹலியகொடையில் ஒரு கராஜ் போட்டார். டீச்சருக்கு அங்கே ஒரு தனியார் பாடசாலையில் விளையாட்டுப் பயிற்சி வேலை கிடைத்தது. சம்பளம் குறைவு, ஓய்வூதியம் இல்லை. குடும்பத்தோடு அங்கேயே குடிபோனார்கள். அதற்குப் பிறகு நான் அவரை நேரில் பார்க்கவில்லை. எனக்கு முழங்கால் வலி, அவருக்கு ஞாயிற்றுக்கிழமை ஓய்வு இல்லை. மலையில் கட்டிய துணி வெயிலில் வெளுத்துப் போனதும், கொழுந்து மலைப் பெண்கள் சேர்ந்து அதே அளவில், அதே மூன்று பக்கத்தோடு, புதிதாக ஒன்று தைத்துக் கட்டியிருக்கிறார்கள் என்று தோட்டத்திலிருந்து வந்தவர்கள் சொன்னார்கள். தையல் முன்னதைவிட நேர்த்தியாம்.

பின்பொரு காலை, தபால்காரர் கேட்டருகில் சைக்கிளை நிறுத்தி, "மாத்தயா, டீச்சர்ட ரெஜிஸ்டர் தபால்" என்று கூப்பிட்டார். மாகாண அலுவலகத்தின் நீள உறை, டீச்சரின் பெயருக்கு, என் முகவரிக்கு. தொலைபேசியில் டீச்சரைக் கூப்பிட்டுச் சொன்னேன். பிரித்து வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

"வெளிநாட்டு விடுமுறை கோரித் தாங்கள் சமர்ப்பித்த விண்ணப்பம் அடங்கிய கோப்பு இவ்வலுவலகத்தில் காணாமற்போயுள்ளதென அறியத்தருகின்றேன். மேலதிக நடவடிக்கையின் பொருட்டு, மேற்படி விண்ணப்பத்தைக் கடைசியாக எங்கு, யாரிடம் ஒப்படைத்தீர்கள் என்பதைத் தெரிவிக்கவும்."

வருத்தப்படுவார் என்று நினைத்து, ஏதாவது சொல்லலாம் என்று தொண்டையைக் கனைத்தேன்.

"சேர், தொலைஞ்சிட்டுன்னு எழுத்துல ஒத்துக்கிட்டாங்களா?"

"ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். கையெழுத்தும் முத்திரையும் இருக்கிறது."

"கடைசியா எங்க இருந்துச்சுன்னும் கேக்கிறாங்களா?"

"கேட்கிறார்கள்."

"அப்ப கண்டுபுடிச்சிடுவாங்க சேர்!" என்றார். குரலில் அப்படியொரு சந்தோஷம். தூரத்தில் கீர்த்தனா தகப்பனோடு ஏதோ வாதாடிக்கொண்டிருந்தது கேட்டது. "பாவம், அந்த கிளார்க்கு. ஒடனே பதில் போடுங்க. அவரு மேசைதான், ஜன்னலுக்குப் பக்கத்துல, மூனாவதுன்னு எழுதுங்க."

அன்றே எழுதி அனுப்பினேன். வந்த கடிதத்தின் மூலையில், விதிப்படி, கிடைத்த திகதியைக் குறித்தேன்: வெசாக் போயா விடுமுறைக்கு முதல் நாள்.